மேட்டூர் நீர்த்தேக்கம்: மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் வலை விடலாமா?

#1 · புதுத்துடுப்பு
வணக்கம். மேட்டூர் அணை 90 அடியிலிருந்து இறங்கும்போது பண்ணவாடி, நாகமரைப் பக்கம் அடிவலை விடுவதைப் பற்றிக் கேட்கிறேன். அணை கட்டியபோது மூழ்கிய பழைய ஊர் எந்த மட்டத்தில் எவ்வளவு ஆழத்தில் இருக்கும்? அங்கே உள்ள தேவாலயக் கோபுரமும் கோயில் நந்தியும் 100 அடியிலேயே வெளியே வந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார், 60க்குக் கீழே வந்தால்தான் என்று இன்னொருவர். எது சரி? வலை சிக்காமல் இருக்க என்ன செய்வது?

#2 · அணைமட்டம்120
இரண்டும் தப்பு. இரட்டைக் கோபுரத் தேவாலயத்தின் உச்சி 80 அடியை ஒட்டி, 79 வாக்கில் தலைகாட்டும். ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வர 70 அடி ஆக வேண்டும். இது கோபுர உச்சி, நந்தியின் தலை தெரியும் மட்டம். அடித்தளம் முழுசாகத் தெரிய இன்னும் பல அடி இறங்கணும்.

ஒரு கணக்கை மனசில் வையுங்கள். தினமும் அறிவிக்கும் நீர்மட்டம் அணை அருகே ஆற்றுப்படுகையை ஒட்டிய பூஜ்யத்திலிருந்து எடுப்பது. 120 அடி என்றால் கடல்மட்டத்துக்கு மேல் 790 அடி. அப்போ பூஜ்யம் 670. நந்தியின் தலை 740ஐ ஒட்டி இருக்கிறது. தேங்கி நிற்கிற தண்ணி எல்லா இடத்திலும் ஒரே மட்டம்தான் (வெள்ளம் நுழையும் நாளில் மேல்முனையில் மட்டும் கொஞ்சம் ஏற்றம் இருக்கும்). அதனால் அன்றைய மட்டத்தில் 70ஐக் கழித்தால் நந்தித் தலைக்கு மேல் எத்தனை அடி தண்ணி என்று கிடைக்கும். 90ல் 20 அடி. அணை நிரம்பியிருந்தால் 50 அடி. கோபுரத்துக்கு 79ஐக் கழியுங்கள்.

90ல் கோபுரத்துக்கு மேல் 11 அடிதான். 4 மீட்டர் உயர வலை என்றால் 13 அடிக்கு மேல், மிதப்பு வலைகூட உச்சியில் உரசும். அங்கே அடிவலை பேச்சே வேண்டாம்.

#3 · வலைக்கண்
அணைமட்டம் அண்ணன் சொன்னது சரி. ஆனால் "வேண்டாம்" என்று ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை. இடிபாட்டு ஓரம்தான் மீன் நிற்கிற இடம். கல்லில் பாசி பிடிக்கும், பாசிக்கு மீன் வரும், சின்ன மீனுக்கு வாளையும் கெளுத்தியும் வரும். இடிபாட்டுக்கு *மேலே* விடாமல், அதன் ஓரத்தில், பழைய ஆற்றுப்படுகைப் பக்கமாக விடணும். அவ்வளவுதான்.

வலை கட்டும் முறை:

ரங்கூன் வலை எடுங்கள். அடிக்கயிறு கிடையாது. மேல்கயிற்றிலிருந்து தொங்கும், தொளதொளவென்று இருக்கும், மீன் செவுளில் மாட்டுவதைவிடச் சுற்றிக்கொள்வதுதான் அதிகம். நீர்த்தேக்கத்தில் அது நிலைத்ததற்குக் காரணம் இதுதான்: கீழே கட்டையோ கல்லோ இருந்தால் முதலில் சிக்குவது அடிக்கயிறு. அது இல்லையென்றால் சில கண்ணிகள் கிழியும், வலை திரும்பி வரும்.

அடிவலைதான் வேணும் என்றால் தொங்கல் கணக்குப் பாருங்க. 100 மீட்டர் வலையை இழுத்துப் பிடித்து அளந்து, 50 மீட்டர் கயிற்றில் சமமாகக் கட்டினால் தொங்கல் பாதி. செவுளில் மாட்டுவதற்கு அது நல்ல அளவு. 30, 35 மீட்டர் கயிற்றிலேயே அடக்கினால் சுற்றிப்பிடிக்கும் வலை ஆகிவிடும். மீன் கூடும், கழற்றும் நேரமும் கூடும், கல்லில் மாட்டும் வாய்ப்பும் கூடும். பாதித் தொங்கலில் வலையின் உயரம் முழு நீட்டத்தில் 87 சதவீதம்தான் நிற்கும். 10 செ.மீ. கண்ணி 50 வரிசை என்றால் 5 மீட்டர் என்று நினைப்பீர்கள், தண்ணியில் நிற்பது 4.3 மீட்டர்.

#4 · புதுத்துடுப்பு
நன்றி அண்ணே. கண்ணி அளவு எப்படித் தேர்வு செய்வது? கடையில் விரல் கணக்கில் சொல்கிறார்கள், ஒவ்வொருவர் விரலும் ஒரு அளவு.

#5 · வலைக்கண்
விரலை விடுங்க. கண்ணியை இழுத்துப் பிடித்து எதிரெதிர் முடிச்சுக்கு நடுவே அளங்க. அதை இரண்டால் பெருக்கினால் கண்ணியின் சுற்றளவு. அந்தச் சுற்றளவு மீனின் தடித்த இடத்துச் சுற்றளவில் ஐந்தில் நான்கு பங்கு இருந்தால் தலை நுழையும், உடம்பு நுழையாது. சுற்றளவு 40 செ.மீ. உள்ள கட்லாவுக்கு 32 செ.மீ., அதாவது 16 செ.மீ. கண்ணி.

கட்லாவுக்குத் தலை பெரிசு, அதனால் இதைவிடச் சின்னக் கண்ணியில் வாயிலோ செவுள் மூடியிலோ மாட்டி நிற்கும், உலுக்கினால் கழன்றுவிடும். வலை தூக்கும்போது "பெரிசு ஒண்ணு போச்சு" என்று புலம்புவதெல்லாம் பெரும்பாலும் இந்த வகை. ரோகு உருளை உடம்பு, கணக்கு அப்படியே பொருந்தும். வாளைக்கு இந்தக் கணக்கே எடுபடாது. ஒல்லி உடம்பு, வாய் நிறையப் பல், சுற்றிச் சுற்றி நூலைக் கத்தரிக்கும். வாளைக்கு ஒரே கயிற்றில் பல முள் தொங்கும் தூண்டில்தான் லாபம், இரை உயிர்க்கெண்டை.

பொடிக்கண்ணி மட்டும் வேண்டாம். மீன்துறை மேட்டூர் பண்ணையில் வளர்த்துத் தேக்கத்தில் விடுகிற விரலளவுக் குஞ்சு அதில்தான் போகும். அந்தக் குஞ்சுதான் அடுத்த வருடத்துப் பிடிப்பு.

#6 · கல்மண்டபம்
வலைப் பேச்சுக்கு நடுவில் ஊரைப் பற்றியும் ஒரு தெளிவு. அணைக்கு 1925ல் அடிக்கல், 1934 ஆகஸ்ட் 21ல் திறப்பு. ஆளுநர் ஸ்டான்லி பெயர் தேக்கத்துக்கு. வடிவமைப்பில் முக்கியப் பங்கு பொறியாளர் எல்லிஸுக்கு. முழு மட்டத்தில் 59.25 சதுர மைல் பரப்பு தண்ணிக்குள் போகிறது. அத்தனையும் வெறும் காடு கிடையாது. ஆற்றங்கரை ஊர்கள், வயல், கோயில், தேவாலயம், பாதை எல்லாம் அதில் அடக்கம். இன்றைய பண்ணவாடி மேட்டில் இருப்பது. பழைய ஊர் அதற்குக் கீழே.

தண்ணி வற்றியதும் தெருத்தெருவாக ஊர் அப்படியே நிற்கும் என்று எதிர்பார்த்துப் பலர் வருகிறார்கள். நிற்காது. மண்சுவர், மண்சாந்து வைத்துக் கட்டிய செங்கல் எல்லாம் நனைவதும் காய்வதுமாக 90 வருடத்தில் கரைந்துவிட்டது. முழுக்கத் தண்ணிக்குள்ளேயே இருந்தால்கூட இவ்வளவு சேதம் ஆகியிருக்காது, மாறிமாறி நனைந்து காய்வதுதான் சாந்தைக் கொல்லுகிறது. மிஞ்சுவது கருங்கல்லும் சுண்ணாம்புக்காரைக் கட்டுமானமும். அதனால்தான் கோயில் கல், நந்தி, கோபுரம் என்று சிலது மட்டும் தெரிகிறது. வீட்டுத் தெரு இருந்த இடம் இன்று வண்டல் மூடிய சமதளம்.

வலைக்காரருக்கு இதில் சேதி உண்டு: குடியிருப்பு இருந்த இடத்தில் வலை அதிகம் சிக்காது. கோயில், கோபுரம், கல்கட்டுக் கிணறு, வயலோரக் கல்வரப்பு, இவைதான் வில்லன்.

#7 · நாகமரைக்கரை
கிணற்றைச் சொன்னது நல்லதாப் போச்சுங்க. வற்றின காலத்தில் நடந்து போறவங்க கவனிக்கணும். வண்டல் மேலே காய்ஞ்சு பாளம் விட்டிருக்கும், கீழே கூழ். பழைய கிணத்து வாய் மேலே வெறும் பள்ளமாத்தான் தெரியும். ஆடு மாடு ஓட்டிப் போற தடத்தை விட்டு விலகாதீங்க.

பரிசல் துறையும் மட்டத்தோடு நகரும். பண்ணவாடி–நாகமரை, கோட்டையூர்–ஒட்டனூர் இரண்டிலும் தண்ணி இறங்க இறங்கத் துறை கீழே போய்க்கிட்டே இருக்கும். கரைச்சரிவு நூறுக்கு ஒண்ணு உள்ள இடத்தில் ஒரு அடி மட்டம் குறைஞ்சா 100 அடி நிலம் வெளியே வரும். ராத்திரி கரையோரம் வலை கட்டி வெச்சா காலையில் பாதி வலை சேத்துல கிடக்கும்.

#8 · அணைமட்டம்120
நாகமரை அண்ணன் சொன்னதற்குக் கணக்கு உண்டு. அணை ஒரு கிண்ணம் மாதிரி, மேலே அகலம் கீழே குறுகல். 120 அடியில் 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி), 100 அடியில் சுமார் 65, 40 அடியில் 12 அளவுதான். மேல் 20 அடியில் மட்டும் 28 டிஎம்சிக்கு மேல்.

விநாடிக்கு 12,000 கனஅடி திறந்தால் நாளுக்கு ஒரு டிஎம்சிக்குச் சற்று அதிகம். வரத்து இல்லையென்று வைத்துக்கொண்டால், 110க்கு மேல் ஒரு அடி இறங்க ஒன்றரை நாள் ஆகும். 70ஐச் சுற்றி அதே திறப்புக்கு நாளுக்கு ஒரு அடிக்கு மேலேயே இறங்கிவிடும். டெல்டாவுக்கு வழக்கமாக ஜூன் 12லிருந்து ஜனவரி 28 வரை தண்ணி போகும், மட்டம் போதாத வருடங்களில் திறப்பு தள்ளிப்போகும். ஆகஸ்ட் 1லிருந்து டிசம்பர் 15 வரை கிழக்கு–மேற்குக் கால்வாய்க்கும் போகும், அது சின்ன அளவு.

ஆகவே வலை விடுமுன் மட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு, இரண்டையும் பாருங்கள். அறிவிப்பில் இரண்டும் இருக்கும்.

#9 · ஆடிக்காத்து
இதெல்லாம் சரி, கோயில் இருந்த இடத்தில் வலை விடுவதே முறையா? வற்றும்போது அங்கே மக்கள் பூசை செய்கிறார்கள்.

#10 · வலைக்கண்
தண்ணிக்குள் இருக்கும்போது அங்கே விடாமல் இருக்க பக்தியைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கு. நைலான் மக்காது. கல்லில் சிக்கி அறுந்த வலை அங்கேயே நின்று மீனைப் பிடித்துக்கிட்டே இருக்கும், எடுக்க ஆள் இல்லாமல். அழுகின மீனுக்கு வேறு மீன் வரும், அதுவும் மாட்டும். தங்கூசி வலை (ஒற்றையிழை நைலான்) இன்னும் மோசம், கண்ணுக்கே தெரியாது. மட்டம் இறங்கி இடிபாடு வெளியே வரும்போது சிக்கியிருக்கும் வலையை அறுத்துக் கரைக்குக் கொண்டுவந்து போடுவது எல்லாருக்கும் நல்லது. பூசைக்குப் போகிறவர்களும் ஒரு கத்தி எடுத்துப்போகலாம்.

#11 · பரிசல்கட்டு
புதுத்துடுப்புக்கு: வலையைவிட முக்கியம் பரிசல். மூங்கில் பிளாச்சைப் பின்னி 7, 8 அடி விட்டத்தில் கட்டுவது பழைய முறை. முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது சாக்கோ பிளாஸ்டிக் தாளோ போர்த்தித் தார் பூசுவது. ஃபைபர் பரிசலும் வந்துவிட்டது. ஃபைபர் ஒழுகாது, ஆனால் கல்லில் மோதினால் விரிசல் விடும். மூங்கில் வளைந்துகொடுக்கும். பழைய ஊர்ப் பக்கம் போகிறவருக்கு மூங்கிலே மேல் என்பது என் கட்சி.

கெடுவது எங்கே: அடிப்பின்னல் வெளிவிளிம்போடு சேரும் வளைவில். அங்கேதான் தார் முதலில் வெடிக்கும், தண்ணி புகுந்து மூங்கில் கறுக்கும். கரையேறியதும் கவிழ்த்துப் போடுங்கள், நிழலில். வெயிலில் விட்டால் தார் இளகி ஒரு பக்கம் வழியும், மறுபக்கம் மெலியும். விரலால் அழுத்தி மூங்கில் மெத்தென்று உள்ளே போனால் தார் மேல் தார் பூசிப் பயனில்லை, அந்தப் பிளாச்சை மாற்றணும்.

ஓட்டும் முறை: முன்பக்கம் உட்கார்ந்து துடுப்பைத் தண்ணியில் எட்டுப் போட்ட மாதிரி இழுக்கணும். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் வேணும், ஒருவர் துடுப்பு, ஒருவர் வலை. வலை தூக்கும்போது வலைக்காரர் விளிம்பில் சாய்வார், துடுப்புக்காரர் எதிர்ப்பக்கம் உட்காரணும். கனமான வலை கல்லில் மாட்டினதும் இரண்டு பேரும் ஒரே பக்கம் வந்து இழுப்பதுதான் கவிழ்வதற்கு முதல் காரணம்.

#12 · ஆடிக்காத்து
பேருக்கு ஏற்ற மாதிரி நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆனியிலும் ஆடியிலும் மதியத்துக்கு மேல் நடுத்தேக்கம் போகாதீர்கள். பரிசலுக்கு அடிக்கட்டை கிடையாது, காற்று எந்தப்பக்கமோ அந்தப்பக்கம் அது. விடியுமுன் போய் வெயில் ஏறுவதற்குள் கரை சேரணும். மிதவைக் காப்புச்சட்டை இல்லாமல் ஏறவே கூடாது, நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும். வலை காலில் சுற்றினால் நீச்சல் உதவாது.

மேல்முனையில், ஒகேனக்கல் பக்கம் ஏற ஏற, முதலை உண்டு. நீர்நாயும் உண்டு. மாட்டின மீனின் வயிற்றை மட்டும் கடித்திருந்தால், வலையில் பெரிய ஓட்டை இருந்தால், நீர்நாய் வேலை. அதற்கு ஒரே மருந்து வலையை ராத்திரி முழுக்க விட்டுவைக்காமல் சீக்கிரம் தூக்குவது.

#13 · உல்லம்
மீன் வகை பற்றி. இன்று சந்தையில் "மேட்டூர் டேம் மீன்" என்று கூவி விற்கும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் காவிரிக்குச் சொந்தமில்லை. வடக்கத்தி ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விட்டவை. காவிரியின் சொந்தக்காரர்கள் சேல்கெண்டை, கருமுழிக்கெண்டை, வாளை, கெளுத்தி, ஆரால் இவர்கள்தான். ஜிலேபி ஆப்பிரிக்காக்காரன், கரையோரச் சேற்றில் குழி பறித்து முட்டையிட்டு வாயில் அடைகாக்கும். மட்டம் ஏறி இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை.

அணை வந்ததில் முழுசாகப் போனது உல்லம். கடலிலிருந்து ஏறி ஆற்றில் முட்டையிடும் மீன். குறுக்கே 214 அடிச் சுவர் எழும்பினால் என்ன செய்யும்? காவிரியில் உல்ல மீன்பிடி அத்தோடு படுத்துவிட்டது. ஊர் மூழ்கியதைப் பேசுகிற நாம் இதைப் பேசுவதில்லை.

#14 · வலைக்கண்
அதோடு சேர்த்து: புதுத்தண்ணி வரும்போது, ஜூன் கடைசியிலிருந்து, கெண்டைக் கூட்டம் மேல்முனைக்கு ஏறும். கலங்கின தண்ணி, வலை கண்ணுக்குத் தெரியாது, சினைமீன் அள்ளிக்கிட்டு வரும். அப்போது அங்கே அள்ளுவது விதைநெல்லைச் சமைக்கிற வேலை. மீன்துறை விதிக்கும் கட்டுப்பாட்டை அந்த நேரத்திலாவது மதிங்க. உரிமம் இல்லாமல் வலை விடுவது எப்போதுமே குற்றம்.

#15 · 16கண்
உபரித் தண்ணி பற்றி யாரும் சொல்லவில்லை. 120 தொட்டால் 16 கண் மதகு வழியாகத் திறப்பார்கள். 1924 வெள்ளத்தில் நாலரை லட்சம் கனஅடிக்கு மேல் ஓடியதைப் பார்த்துப் பெரிசாக வைத்த வழி அது. ஒவ்வொரு கண்ணும் 60 அடி அகலம், 20 அடி உயரம். அதோடு மீனும் விழும். மதகை மூடினதும் கீழே பாறைக்குழிகளில் மாட்டிக்கொள்ளும். குழித்தண்ணி சூடாகி உயிர்க்காற்று குறைந்து ஒன்றிரண்டு நாளில் மிதக்கும். அதை எடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள்: சிவப்பு போய் சாம்பலாக இருந்தால், வயிறு அழுத்தின குழி மேலெழாமல் நின்றால் வாங்காதீர்கள். மதகுக்குக் கீழே இறங்கவும் வேண்டாம், திரும்பத் திறக்கும்போது தண்ணி வரும் வேகத்துக்குப் பாறையில் ஏற நேரம் கிடைக்காது.

#16 · புதுத்துடுப்பு
பாசி வாடை வரும் காலத்தில் மீன் சாப்பிடலாமா? கோடையில் பண்ணவாடிப் பக்கம் தண்ணி பச்சைச் சாயம் மாதிரி இருக்கிறதே.

#17 · உல்லம்
மட்டம் குறைந்து, தண்ணி ஓட்டமில்லாமல் வெயிலில் நிற்கும்போது பாசி பெருகும். மேலிருந்து வரும் கழிவு, வற்றின நிலத்தில் சோளம், கம்பு, எள் போட்டவர்கள் இட்ட உரம், திரும்ப மூழ்கிய தட்டை, எல்லாம் அதற்குத் தீனி. வாடை தாங்காமல் போகும்போது அரசுத் தரப்பில் இ.எம். கரைசல் (நன்மை செய்யும் நுண்ணுயிர்க் கலவை) தெளிப்பார்கள்.

ராத்திரி பாசியும் மூச்சு விடுவதால் விடிகாலையில் உயிர்க்காற்று குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளக்கும். அப்படி மேலே வந்த மீனையும் செத்து மிதக்கும் மீனையும் எடுக்காதீர்கள். உயிரோடு பிடித்ததில் மண்வாடை இருந்தால் நல்ல தண்ணியில் இரண்டு மூன்று நாள் விட்டால் குறையும். தோல், வயிற்றுக் கொழுப்பை நீக்குங்கள். புளிப்பு அந்த வாடையை முறிக்கும். நம்ம பாட்டிமார் டேம் மீனுக்குப் புளிக்குழம்பு வைத்தது சும்மா இல்லை. வறுவலுக்கு அந்த மீன் ஆகாது.

வலைக்கும் பாசி எதிரி. நூலில் வழவழவென்று படிந்து வலை சுவர் மாதிரித் தெரியும், மீன் விலகிப்போகும். தினமும் அலசிக் காயப்போடணும், நிழலில்.

#18 · வலைக்கண்
புதுத்துடுப்பு, முதல் கேள்விக்கே திரும்பி வருகிறேன். மட்டம் 90, இறங்குமுகம் என்றால்:

முதலில் ஆழக்கயிறு. ஒரு கிலோ குண்டு, பாகத்துக்கு ஒரு முடிச்சு, பாகம் ஆறடி. பரிசலில் நேர்கோட்டில் போய் இருபது முப்பது அடிக்கு ஒரு முறை இறக்குங்க. குண்டு "டக்" என்று உட்கார்ந்தால் கல், இழுக்கும்போது உறிஞ்சிப் பிடித்தால் வண்டல். ஆழம் சட்டென்று ஒரு பாகம் குறைந்தால் அங்கே கட்டடம் இருக்கு, அந்தக் கோட்டில் வலை வேண்டாம். திடீரென்று கூடினால் பழைய ஆறு. அதன் விளிம்புதான் உங்கள் இடம்.

வலையை ஆற்று விளிம்புக்கு இணையாக விடுங்க, குறுக்கே வேண்டாம். அடிவலையில் குண்டின் எடை மிதவை தூக்கும் எடைக்கு இரண்டு பங்காவது இருக்கணும், இல்லையென்றால் வலை நகர்ந்து இடிபாட்டுக்குள் போய்விடும். ஈயத்தை அடிக்கயிற்றில் நேராகக் கோர்க்காமல், கல்லைப் பருத்தி நூலில் தொங்கவிடுங்க. மாட்டினால் பருத்தி அறும், கல் போகும், வலை வரும். அடிக்கயிறு மேல்கயிற்றைவிட மெல்லிசாக இருக்கட்டும், அதே காரணம்தான்.

மாலையில் விட்டு நடுராத்திரி ஒரு தடவை, விடிய ஒரு தடவை தூக்குங்க. வெதுவெதுப்புத் தண்ணியில் செத்த மீன் நாலு மணி நேரத்தில் சதை தளர்ந்துவிடும். பரிசலிலேயே ஐஸ் இருக்கணும், கிலோவுக்குக் கிலோ.

#19 · புதுத்துடுப்பு
பருத்தி நூல் ஊறி நாளாவட்டத்தில் தானாகவே அறுந்துவிடாதா அண்ணே?

#20 · வலைக்கண்
அறும். பத்து நாளுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்க. ஒரு கண்டு நூல் விலைக்கு ஒரு வலை மிச்சம். கல் எடுக்கும்போது முனை மழுங்கின ஆற்றுக்கல்லாகப் பார்த்து எடுங்க, கூர்முனை இருந்தால் அதுவே கண்ணியை அறுக்கும்.